ரவை இரண்டு பேணி

ஒரு றாத்தல் சீனி, டின்பால் வருகிற தகரப் பால்பேணியில் ஒன்றேமுக்கால் வரும். ஒரு றாத்தல் ரவை இரண்டு பேணியும் மூன்று மேசைக்கரண்டியும். கோதுமை மா என்றால் அரிக்காமல் இரண்டேமுக்கால், அரித்த பிறகு மூன்று. இதையெல்லாம் நான் எதையும் பார்த்துச் சொல்லவில்லை. எழுபது வருடமாக என் தலைக்குள்ளே கிடக்கிறது. என்னோடு அந்தக் காலத்தில் இந்தக் கரையோரம் வளர்ந்தவர்களே, உங்களில் சிலருடைய வீட்டு அலுமாரியில் இந்தக் கணக்கு எழுதிய கடதாசி ஒன்று இருந்திருக்கும். அதை எழுதியவள் நான். பிழையான கணக்கு என்று சொல்லி உங்கள் உம்மாமார் அதை அடுப்பில் போட்டதும் எனக்குத் தெரியும். கணக்கில் பிழை இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு காலத்துக்குப் பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இங்கினியாகலையில் பெரிய குளம் கட்டி முடிந்து, கல்முனைக்கு எங்கிருந்தெல்லாமோ உத்தியோகத்தர்கள் வந்து குடியேறிய காலம். நாங்கள் சாய்ந்தமருதில், கடற்கரைக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் இருந்தோம். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. ஒன்று உம்மாவுடையது, மற்றது உம்மாவின் தங்கை, என் சாச்சியுடையது. இரண்டும் அவர்களுக்குச் சீதனமாக வந்த வீடுகள். நடுவில் வேலி இல்லை, ஒரு கிணறுதான். வாப்பா கல்முனைக் கடைத்தெருவில் தையல்காரர். காலும் அரையும் முக்காலும் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே அவருடைய அளவு நாடாவில் படித்துவிட்டேன்.

சாச்சிக்குப் பிள்ளைகள் இல்லை. சாச்சா சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் வேலை செய்தார்; கிழமைக்கு ஒரு தரம்தான் வீட்டுக்கு வருவார். ஆகவே பகலெல்லாம் நான் சாச்சி வீட்டில்தான். அவர் உம்மாவைப் போல அதட்ட மாட்டார். என் தலைமுடியைப் பின்னிவிடுவார். பின்னும்போதே எதையாவது யோசித்துச் சிரிப்பார், அந்தச் சிரிப்பில் என் பின்னல் கோணலாகிவிடும். இருபது கோழி வளர்த்தார். முட்டை கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

முட்டை போன வீடுகளில் ஒன்று நீர்ப்பாசன இன்ஜினியருடைய பங்களா. இன்ஜினியரின் மனைவியை நாங்கள் நோனா என்போம். கொழும்புக்காரர்; தமிழைத் தேடித் தேடிக் கதைப்பார். ஒரு நாள் முட்டையை எண்ணி எடுத்துவிட்டு, என் கையில் ஒரு துண்டு கேக் வைத்தார். மண்ணிறம். மேலே மெல்லிய பொறுக்கு, உள்ளே ஈரம். ஏலக்காயும் பன்னீரும் வறுத்த கஜு முந்திரியும் ஒன்றாக மணத்தது. நான் பாதியைக் கடித்துவிட்டு மீதியை முட்டைக் கூடையின் வைக்கோலுக்குள் வைத்துச் சாச்சிக்குக் கொண்டுவந்தேன்.

சாச்சி அதை உடனே விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு ரவை என்றார், தேன் என்றார், மஞ்சட்கரு மட்டும் போட்டிருக்கிறது என்றார். எல்லாம் சரி. என்னென்ன என்பது அவருடைய நாக்குக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. அடுத்த முறை போகும்போது கொப்பியும் பென்சிலும் கொண்டுபோகச் சொன்னார்.

நோனா பெரிய மனதுக்காரர். இங்கிலீசுப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார், நான் தமிழில் எழுதினேன். ரவை எட்டு அவுன்ஸ். பட்டர் எட்டு அவுன்ஸ். சீனி ஒரு றாத்தல். கஜு பன்னிரண்டு அவுன்ஸ். மஞ்சட்கரு பன்னிரண்டு. அவருடைய குசினி மேசையில் ஒரு தராசு இருந்தது. மணிக்கூடு போல முகம், ஒற்றை முள். தட்டில் எதை வைத்தாலும் முள் ஓடிப்போய் நிற்கும். எங்கள் வீடுகளில் அப்படி ஒன்று எங்கே? அரிசி அளக்கத் தகரச் சுண்டு இருந்தது. மற்றதெல்லாம் கை, கண், நாக்கு. கடையில் நிறுத்துத் தருவதை அப்படியே நம்பி வீட்டில் கொட்டுவோம்.

அந்தச் சீட்டைச் சாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு அவுன்ஸ் எவ்வளவு என்று கேட்டார். அரை றாத்தல் என்றேன். அரை றாத்தல் என்றால் எந்தக் கோப்பைக்கு எவ்வளவு என்று கேட்டார். எனக்கும் தெரியாது. அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

முதலில் எதால் அளப்பது என்ற கேள்வி. சுண்டு சரிவரவில்லை, தகர வேலைக்காரர் செய்தது, எங்கள் வீட்டுச் சுண்டும் அடுத்த வீட்டுச் சுண்டும் ஒரே அளவில்லை. தேநீர்க் கோப்பைகளும் அப்படித்தான். எல்லா வீட்டிலும் ஒரே அளவாக இருந்த பொருள் ஒன்றே ஒன்று: வெறுமையான பால்பேணி. அதைச் சொன்னது நான்தான். சாச்சி என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, என்ன மூளை உனக்கு என்றார். நசுங்காத பேணி ஒன்றைத் தேடி எடுத்து, வாயை அரத்தால் ராவி, சாம்பல் போட்டுத் துலக்கி வைத்தோம்.

பிறகு நான் ரோட்டுக் கடைக்குப் போய் ஒரு றாத்தல் ரவை வாங்கி வந்து பேணியால் அளந்தேன். மற்ற நாள் சீனி. அதற்கடுத்த நாள் கஜு. ஒரு றாத்தல் என்றால் எல்லாமே ஒரே அளவு இடம் பிடிக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சீனி இரண்டு பேணியை நிரப்பவில்லை. கோதுமை மாவோ மூன்றாவது பேணியைக் கேட்டது. அரித்துப் பார்த்தேன், இன்னும் ஏறியது. பேணியைத் தட்டினேன், இறங்கியது. ஆகவே தட்டக் கூடாது, மேலே குவியாமல் கத்தியின் முதுகால் வழிக்க வேண்டும் என்று கொப்பியில் எழுதினேன். பட்டர்தான் பெரிய தொல்லை. பேணிக்குள் அமுக்கினால் நடுவில் ஓட்டை விழும். வழி கண்டுபிடித்தது சாச்சி. பேணியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, பட்டரைத் துண்டு துண்டாகப் போட்டு விரலால் அமிழ்த்தச் சொன்னார். தண்ணீர் விளிம்புக்கு வந்ததும், அரைப் பேணி பட்டர் உள்ளே இருக்கிறது என்றார். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். இன்றைக்கும் அதை நினைத்தால் அவர்மேல் எனக்கு ஆசைதான் வருகிறது. அதுதான் என் கஷ்டம்.

மண்சட்டியின் அடியில் மணல் பரப்பி, கீழே தணல், மூடியின் மேலே சிரட்டைத் தணல் வைத்து முதல் கேக்கைச் சுட்டோம். கச்சான் காற்று அடித்த நாட்கள். தணல் ஒரு பக்கம் மூளும், மறுபக்கம் அவியும். நான் ஓலைத் தட்டி பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறிய பிறகு வெட்டினால் களியாக இருந்தது, முட்டை வாடை வீசியது. உம்மா ஒரு விரலால் தொட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு முட்டை என்றார்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். முட்டை எண்ணிப் போடுவது, அது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. மற்றவை நிறுத்து வாங்கியவை. முட்டை மேலோங்கினால் மற்றதெல்லாம் குறைந்திருக்க வேண்டும். அடுத்த முறை பங்களாவுக்குப் போகும்போது கடையில் வாங்கிய ஒரு றாத்தல் சீனியைப் பையோடு கொண்டுபோனேன். நோனாவின் தராசில் முள் பதினாறுக்குப் போகவில்லை, பதினான்கில் நின்றது. மூன்று முறை வைத்துப் பார்த்தோம். நோனா என்னைப் பார்த்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

வாப்பாவிடம் சொன்னேன். கடை முதலாளி பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறவர். நோன்பு காலத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றுகிறவர். வாப்பா மெசினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். சொன்னதும், சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய் என்று என் தலையில் கை வைத்தார். பிறகு, இதை யாரிடமும் சொல்லாதே, மரியாதையான மனிசர் என்றார். அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாமான் வேறு கடையில் வாங்கப்பட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. அன்று நான் மனதில் வைத்துக்கொண்டது, சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய் என்ற வாப்பாவின் வார்த்தையை மட்டும்தான்.

நோனாவின் அனுமதியோடு அவருடைய குசினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப நிறுத்து, என் பேணியால் அளந்தேன். அதுதான் நான் மேலே சொன்ன கணக்கு. இரண்டாவது கேக் சரியாக வந்தது. சாச்சி அதைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி அக்கம்பக்கம் எல்லாவற்றுக்கும் அனுப்பினார். ஒரு கிழமைக்குள் எங்கள் வளவுக்குள் பெண்களின் செருப்பு நிறைந்துவிட்டது.

சாச்சி பாய் விரித்து நடுவில் உட்காருவார். வந்தவர்கள் சுற்றி உட்காருவார்கள். அது எப்படி, இது எப்படி என்று கேட்பார்கள். அவர் சொல்வார். அளவு என்று வரும்போது மட்டும், புள்ள சொல்லு எத்தன பேணி என்பார். நான் சொல்வேன். பிள்ளை இல்லாத வீடு என்று நோன்புப் பெருநாளைக்குக்கூட ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வீடு அது. இப்போது மாலையில் அசர் தொழுகை முடிந்ததும் கூட்டம். சாச்சி கண்ணுக்குச் சுருமா போடத் தொடங்கினார். நல்ல சேலை கட்டினார்.

நான் செய்த பிழை ஒன்று உண்டு. அப்போது அது பிழை என்று தெரியாது. வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் கொப்பியிலிருந்து தாள் கிழித்து, அளவு முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். அழகாகக் கோடு போட்டு, இந்தப் பக்கம் றாத்தல், அந்தப் பக்கம் பேணி. எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பேணிப் படமே கீறிக் கொடுத்தேன். முப்பது தாளாவது கொடுத்திருப்பேன். எல்லாருக்கும் குடுக்காத, புள்ள என்று சாச்சி ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். தாள் கிடைத்தவர்கள் பிறகு வரவில்லை; வரவேண்டிய தேவை என்ன? மாரி தொடங்கும்போது அசருக்குப் பிறகு பாயில் நானும் சாச்சியும்தான் இருந்தோம். நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு வேறு சந்தோசம் வந்திருந்தது.

பள்ளிக்கூட டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தார். பரீட்சையில் நான் நன்றாகச் செய்திருப்பதாகவும், மட்டக்களப்பில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் எடுத்துத் தரலாம் என்றும் வாப்பாவிடம் சொன்னார். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. உம்மா கதவுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். வாப்பா பார்ப்போம் என்றார். வாப்பா பார்ப்போம் என்றால் பாதி சம்மதம். மீதிப் பாதியை எடுத்துத் தருவது தன் பொறுப்பு என்றார் சாச்சி. வாப்பாவிடம் அவர் கதைத்ததை நானே கேட்டேன். கடைத்தராசின் பொய்யையே பிடித்துவிட்ட பிள்ளை, இதைக் குசினிக்குள் போட்டு மூடலாமா என்று கேட்டார். அப்படிக் கேட்டது உண்மையான மனதோடுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த மாதத்தில்தான் மாமி வீட்டுக் கலியாணம் வந்தது. மாமி வாப்பாவின் மூத்த சகோதரி. வாப்பாவை வளர்த்தவரே அவர்தான். அவருக்கு முன்னால் வாப்பா உட்காரமாட்டார். மாமியின் மகளுக்குச் சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை. வயற்காணி நிறைய உள்ள ஆட்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கேக் வைப்பதென்று மாமி முடிவு செய்தார். அந்தக் கேக்கைத் தன்னைத்தான் செய்யச் சொல்வார் என்று சாச்சி காத்திருந்தார். கஜுவைக்கூட வெயிலில் காயப் போட்டுவிட்டார். மாமி வந்தார், தேநீர் குடித்தார், என் பக்கம் திரும்பினார். இரட்டை அளவுக்கு எழுதித் தா, என் மகளின் கலியாணத்துக்கு என் கையாலேயே செய்யப் போகிறேன் என்றார். சாச்சியிடம், உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல் என்றார். மாமி நல்ல மனதோடுதான் சொன்னார். சாச்சியும் ஓம் ஓம் என்றார். காய்ந்துகொண்டிருந்த கஜுவை அன்று மாலை நான்தான் அள்ளிக் கொடுத்தேன்.

எழுதினேன். இரட்டை அளவு என்றால் ரவை ஒரு றாத்தல். ரவை இரண்டு பேணியும் மூன்று மேசைக்கரண்டியும் என்று முதல் வரி. மாமி வீட்டுக்குத் தானே மற்ற நாள் முட்டை கொண்டுபோவதாகவும், கடதாசியையும் கொடுத்துவிடுவதாகவும் சாச்சி சொன்னார். அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன்.

கலியாணத்தன்று ஆண்கள் ஆறு ஆறு பேராகச் சஹன் என்கிற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கேக் தட்டுகள் துணியால் மூடி வரிசையாக இருந்தன. வெட்டும்போதே மாமியின் முகம் மாறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அப்போது செய்ய ஒன்றுமில்லை, விருந்து நடக்கிறது. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கடைவாய்க்கு மாற்றிக் கடித்தார். வெளியே எடுத்துப் பார்த்தார். பிறகு, இதை எங்கட ஊருக்குக் கொண்டுபோய் மில்லில் குத்தி எடுக்கவேணும் என்றார். சஹன் சஹனாகச் சிரிப்பு பரவியது. அது அவமதிக்கச் சொன்னதில்லை, சும்மா பகிடி. ஆனால் மாமி திரைக்குப் பின்னால் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மற்ற நாள் பகல் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பா கடைக்குப் போகவில்லை. மாமி கைலேஞ்சித் துணி முடிச்சை அவிழ்த்து, அந்தக் கேக் துண்டை வாப்பாவுக்கு முன்னால் பித்தளைத் தட்டில் வைத்தார். டக் என்று சத்தம் கேட்டது. பக்கத்தில் கடதாசியை வைத்தார்.

"தம்பி, உண்ட மகள் எழுதின கடுதாசி இது. அவட கையெழுத்துத்தானா எண்டு பாரு."

வாப்பா பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். முதல் வரியில் ரவை மூன்று பேணியும் மூன்று மேசைக்கரண்டியும் என்று இருந்தது. நான் தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நான் போட்ட 2 என்ற இலக்கத்தின் அடிக்கோட்டை உள்பக்கமாக வளைத்து 3 ஆக்கியிருந்தது. என் எழுத்து சாம்பல் நிறம். அந்த வளைவு மட்டும் ஊதா. எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் பென்சில் ஒன்று உண்டு, உங்களுக்கு நினைவிருக்கும். சாச்சா ஆலையில் நெல்மூட்டைகளுக்கு அடையாளம் போடுவது அதால்தான். அப்படி ஒன்று சாச்சி வீட்டுச் சுவரிலும் ஆணியில் தொங்கும்.

"நான் ரெண்டு எண்டுதான் எழுதின வாப்பா," என்றேன். "மூண்டு என்ட எழுத்தில்ல. இது சாச்சாட பென்சில்."

சாச்சி கிணற்றடியிலிருந்து வந்து வாசல்நிலையில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்த வயதில் என் மனம் அவ்வளவு தூரம் போகவில்லை. யாரோ வந்து எடுத்து எழுதிவிட்டார்கள், சாச்சிக்குத் தெரியும், இப்போது சொல்வார் என்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"சின்னப் புள்ளதானே. எழுதக்க பிழைச்சிரிக்கும். மறுகா என்ட ஊட்டுல கிடந்த பென்சிலால தானே திருத்திரிப்பாள். பயத்துல இப்பிடிச் சொல்றாள், விடுங்க."

எவ்வளவு மெதுவாகச் சொன்னார் தெரியுமா? எனக்காகப் பரிந்து கதைக்கிற குரல். உம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். உம்மா குசினி வாசலில் நின்றார். சேலைத் தலைப்பை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாப்பாவுக்கு என் கணக்கு தெரியும். தராசின் பொய்யைப் பிடித்தவள் என்றும் தெரியும். ஒரு நிமிடம் அவர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்ததையும் கண்டேன். தையற்காரரின் கண், ஊதாவும் சாம்பலும் அதற்குத் தெரியாமலா போகும்? ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தது அவருடைய ராத்தா, வாசலில் நின்றது மனைவியின் தங்கை. நடுவில் நான்.

"பெரியாக்கள்ள பழி போடப்படா," என்றார். "மாமிட்டயும் மாப்புக் கேளு, சாச்சிட்டயும் மாப்புக் கேளு."

மாமியிடம் கேட்டேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய்ச் சாச்சியிடம் கேட்டேன். சாச்சி என்னைத் தன்னோடு அணைத்துப் பிடித்து, ஒண்டுமில்ல புள்ள, ஒண்டுமில்ல என்று முதுகைத் தடவினார். அவருடைய நெஞ்சு வேகமாக அடித்தது. என்னைவிட அவர்தான் நடுங்கினார். அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. எப்படி என்று சொல்லத் தெரியாது. அணைத்த கைக்குள் இருந்துகொண்டே விளங்கிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து டீச்சர் வந்தார். பத்திரத்தில் வாப்பா கையெழுத்துப் போடவேண்டும். வாப்பா மரியாதையாக உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, மூன்று வரிக் கணக்கு ஒழுங்காக எழுதத் தெரியாதவளை மட்டக்களப்புக்கு அனுப்பி என்ன செய்வது என்றார். டீச்சர் திகைத்துப்போய் என் மதிப்பெண்களைச் சொன்னார். வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதை நம்பித்தான் சொன்னாரா, அல்லது உம்மாவின் பல நாள் அழுகைக்கு ஒரு காரணம் கிடைத்தது என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. டீச்சர் போகும்போது என் தோளில் ஒரு முறை கை வைத்தார். அந்த வருடம் முடியுமுன் நான் பெரியவளானேன். பிறகு பள்ளிக்கூடமே இல்லை.

மாமி வீட்டுக் கதை ஊரெல்லாம் பரவியது. என் தாள்களை எல்லாரும் எரித்தார்கள் அல்லது கிழித்தார்கள். அசருக்குப் பிறகு சாச்சி வீட்டில் திரும்பவும் செருப்பு நிறைந்தது. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்துக் கலியாணங்களுக்குக் கேக் என்றால் சாச்சிதான். என் கணக்கில்தான் சுட்டார். கிணற்றுக்கு அப்பால் நின்று சில நேரம் குரல் கொடுப்பார், மகள், முக்கால் றாத்தல் சீனி எத்தன பேணி என்று. நான் உள்ளே இருந்தபடி சொல்வேன். சரியாகச் சொல்வேன். ஒரு தடவையாவது பிழையாகச் சொல்லலாம் என்று நினைத்ததுண்டு. என்னால் முடியவில்லை. நல்ல குணத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். பிழையான கணக்கு என் வாயிலிருந்து வந்தால் அன்று அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும், அதனால்தான்.

எனக்குப் பதினேழில் கலியாணம். நல்ல மனிதர்தான். அந்த வீட்டைச் சீதனமாக எனக்கே கொடுத்தார்கள். பின்னால் ஒரு அறை இறக்கி உம்மாவும் வாப்பாவும் அங்கே இருந்தார்கள். ஆகவே நான் அந்தக் கிணற்றை விட்டு எங்கேயும் போகவில்லை. வாப்பா மௌத்தானார். சாச்சா மௌத்தானார். சாச்சி படுக்கையில் விழுந்து எட்டு மாதம் கிடந்தார். பார்க்க யார் இருந்தது? நான்தான் கழுவினேன், உடுப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன். எட்டு மாதமும் ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்வார் என்று காத்திருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். காரணம் சொல்லமாட்டார். சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

சாச்சியின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து ஆட்கள் போன பிறகு, உம்மாவும் நானும் வெற்றிலைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். உம்மாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நல்ல சுகம். ஒன்றுமே நடக்காதது போலச் சொன்னார்:

"அந்தக் கடுதாசியத் திருத்தின அவதான் மகள். நான் கண்டன். உப்புக்கு எண்டு போன நேரம், பென்சில நாக்குல வச்சிக்கிட்டு குனிஞ்சிக்கிட்டு இரிந்தாள். என்னக் காணல்ல."

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். ஓம் என்றார். மாமி வந்த நேரமும் தெரியுமா என்றேன். ஓம் என்றார்.

"மறுகா ஏன் சொல்லல்ல?"

உம்மாவுக்கு அந்தக் கேள்வி ஆச்சரியமாக இருந்தது. பதில் எனக்கே தெரியும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாரோ என்னவோ.

"சொல்லிரிந்தா வாப்பா உன்ன மட்டக்களப்புக்கு அனுப்பிரிப்பாரே," என்றார். "நீ போனா நான் யாரோட இரிக்கிற?"

அதைச் சொல்லிவிட்டு, மிச்ச வெற்றிலை வாடிவிடும், அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடு என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு உம்மா ஒன்பது வருடம் இருந்தார். ஒரு குறை வைக்கவில்லை நான். ஊரே சொல்லும். கடைசி நாட்களில் மூச்சு இழுக்கத் தொடங்கியபோது, பிள்ளைகளை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கிட்ட வரச் சொன்னார்.

"என்னப் பொறுத்திட்டாய்தானே மகள்?" என்றார்.

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மரணப்படுக்கையில் கேட்டால் பொறுத்தேன் என்றுதான் சொல்லவேண்டும், அப்படித்தான் நம் எல்லாரையும் வளர்த்திருக்கிறார்கள். வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். "பொறுத்தன் உம்மா," என்றேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அது பொய் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.